ஃபார்மேட் போடுவதற்கு முன்

"அண்ணா, யாருமே தொடலண்ணா. ஆனா நெட்டு தானா ஓடிக்கிட்டே இருக்கு."

நல்லம்பள்ளி பக்கத்துக் காலனி ஒன்றில் இருந்து சட்டம் படிக்கும் தங்கை ஒருத்தி சென்ற மாதம் எங்களை அழைத்துச் சொன்னது இது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அப்பா, இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் வாங்கிக் கொடுத்த கணினி. டவுனில் ஒரு கடையில் பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கேபிள்காரர் இணைய இணைப்பும் கொடுத்துவிட்டார். பத்து நாள் ஆகவில்லை, மாதத்துக்கான டேட்டா பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகும் மோடத்தில் பச்சை விளக்கு விடாமல் மின்னுகிறது. கணினியை அணைத்தால் விளக்கு நிதானமாகிறது, போட்டால் மறுபடியும் துடிக்கிறது. கடைக்காரருக்கு போன் செய்தால், "கொண்டாம்மா, ஃபார்மேட் போட்டுத் தர்றேன், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்.

நல்லவேளையாக அவள் கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் போனோம். எங்களில் ஒருவர் செல்போன், கணினி பழுது பார்க்கும் வேலை செய்பவர். மற்ற இருவருக்கும் தெரிந்தது அரைகுறைதான். ஆனாலும் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கணினியில் அவள் வைத்திருந்தவை கல்லூரிக் குறிப்புகள் மட்டும் அல்ல. சுடுகாட்டுப் பாதை பற்றிய தகவல் உரிமை மனுக்கள் இருந்தன. ஒரு வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர்களும் சாட்சிகளும் சொன்னதை அவள் தட்டச்சு செய்து வைத்திருந்தாள், பெயரோடும் முகவரியோடும்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். புதிதாக விண்டோஸ் போட்ட கணினி முதல் இரண்டு வாரம் இணையத்தில் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கும். இயங்குதளத்துக்கான புதுப்பிப்புகள், டிரைவர்கள், வைரஸ் தடுப்புக்கான பட்டியல்கள், ஸ்டோரில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்த செயலிகளின் புதுப்பிப்புகள் என்று சில ஜிபிகள் சத்தமில்லாமல் இறங்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே நுழைந்திருந்தால் டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் இருப்பவை ஒன்டிரைவுக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு வசதி உண்டு. நாம் இறக்கிய புதுப்பிப்பின் துண்டுகளை அது பிற கணினிகளுக்கு அனுப்பக்கூடியது. இணையத்தில் இருக்கும் முன்பின் தெரியாத கணினிகளுக்கும் அனுப்பும்படி அதை வைக்க முடியும். இதெல்லாம் சதி அல்ல, அந்தத் தொழில் நடக்கும் முறை. நம் காசில் நடக்கிறது என்பதில் எங்களுக்குக் கோபம் உண்டு. ஆனால் அது வேறு கோபம்.

எப்படிப் பார்ப்பது? செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் என்ற பக்கம் இருக்கிறது. கடந்த 30 நாளில் எந்தச் செயலி எவ்வளவு இழுத்தது என்று அதில் வரிசையாகக் காட்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அங்கிருந்து ரிசோர்ஸ் மானிட்டருக்குப் போய், நெட்வொர்க் என்ற பகுதியைப் பார்த்தால், இந்த நிமிடம் எந்த நிரல் எந்த முகவரியோடு பேசுகிறது, அனுப்புகிறதா வாங்குகிறதா என்பது தெரியும். அனுப்புவதைத்தான் கவனிக்க வேண்டும். புதுக் கணினி நிறைய வாங்குவது இயல்பு. எந்த வேலையும் செய்யாமல் நிறைய அனுப்பினால் ஏன் என்று கேட்க வேண்டும். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பத்து இருபது முறை வரும், அதைக் கண்டு அலற வேண்டாம், அது விண்டோஸின் சொந்தப் பிள்ளைதான். ஆனால் அதே பெயரை வைத்துக்கொண்டு வேறு ஃபோல்டரில் இருந்து ஓடுவது ஆள்மாறாட்டம். வலது பக்கம் சொடுக்கி, எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். டிசிபிவியூ, ஆட்டோரன்ஸ் என்ற இரண்டு சிறு கருவிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. முதலாவது யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைக் காட்டும். இரண்டாவது, கணினியைப் போட்டவுடன் தானாக எழுந்துகொள்ளும் நிரல்கள் அத்தனையையும் பட்டியல் போடும்.

அந்தப் பட்டியலில்தான் எங்கள் கண் நின்றது. டேட்டாவில் பெரும்பகுதி புதுப்பிப்புகளும் ஒன்டிரைவும் தின்றதுதான். அது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. தொலைவில் இருந்து கணினியை இயக்க உதவும் ஒரு நிரல், கணினி போட்டவுடன் தானாக ஓடும்படி, நிலையான கடவுச்சொல்லோடு வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரரைக் கேட்டோம். "பின்னாடி ஏதாச்சும் பிரச்சனைன்னா இங்கேருந்தே பாத்துக்கலாம்னு எல்லாத்துக்கும் போடறதுதாங்க" என்றார். அதோடு, காசு கொடுத்து வாங்காத விண்டோஸை ஓட வைக்க ஒரு கிராக் போட்டிருந்தார்கள். அதற்கு இடம் விடுவதற்காக வைரஸ் தடுப்பில் ஒரு ஃபோல்டரையே பார்க்காதே என்று விலக்கி வைத்திருந்தார்கள். வாசலுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

கடைக்காரர் அவளுடைய கோப்புகளைப் பார்த்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்த்ததற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. அவர் பார்க்காதவராகவே இருக்கலாம். ஆனால் பார்க்க முடியும். சாட்சிகளின் ஊரும் அவருடைய ஊரும் ஒன்று. அவருடைய கடையில் வேலை செய்யும் பையன்களுக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் அந்தக் கடைக்கு வந்து டீ குடிக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழியாக 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தரும் கடமையை அது அரசின் மேல் வைக்கிறது. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் வாதாடக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் கணினியில், சாட்சிகளின் முகவரிக்கு இப்படி ஒரு பாதை திறந்து கிடந்தது.

அன்று எங்களுக்குள் ஒரு தகராறு வந்தது. "எல்லாத்தையும் அழிச்சிட்டு சுத்தமா புதுசா போட்டுடலாம், கடைக்காரர் சொன்னது தப்பில்ல" என்றார் ஒரு தோழர். அவர் சொன்னது கணினிக் கண்ணோட்டத்தில் சரி. எவன் எதை வைத்தானோ தெரியாத கணினியை நம்பவே கூடாது, அழித்துப் புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் நாம் கணினி மட்டும் வைத்திருப்பவர்கள் இல்லை. வழக்கும் வைத்திருப்பவர்கள். அங்கேதான் ரோனா வில்சனின் மடிக்கணினி எங்கள் நினைவுக்கு வந்தது.

பீமா கோரேகான் வழக்கை மேலோட்டமாக எல்லாரும் அறிவோம். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து மகர் வீரர்கள் போரிட்ட இடத்தில், இருநூறாம் ஆண்டை நினைவுகூர 2018 ஜனவரி 1 அன்று கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அடிபட்டவர்களின் வழக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய நாள் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தைக் காரணம் காட்டி, எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் என்று 16 பேரை ஊபா சட்டத்தில் சிறையில் அடைத்தார்கள். தலித் மக்களுக்காக வழக்காடிய நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் அதில் ஒருவர். ஆனந்த் டெல்டும்டே இன்னொருவர். அண்ணலின் பிறந்த நாளான 2020 ஏப்ரல் 14 அன்றுதான் அவர் சரணடைய வேண்டியிருந்தது.

வழக்கின் முதுகெலும்பு என்ன? ரோனா வில்சனின் கணினியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். 2018 ஏப்ரல் 17 அன்று அவருடைய டெல்லி வீட்டில் அந்தக் கணினியைப் பறிமுதல் செய்தார்கள். அதன் மின்னணுப் பிரதியை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். காசு வாங்காமல் ஆராய்ந்த அந்த நிறுவனத்தின் முதல் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது.

2016 ஜூன் 13 அன்று, கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கில் இருந்து ரோனாவுக்கு மின்னஞ்சல்கள் வருகின்றன. ஓர் ஆவணத்தைத் திறந்து பாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கின்றன. எழுதியது வரவர ராவ் அல்ல, அவர் கணக்கைப் பயன்படுத்திய யாரோ. ரோனா திறக்கிறார். கண்ணுக்கு ஓர் ஆவணம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நெட்வயர் என்ற நிரல் கணினியில் குடியேறுகிறது. தொலைவில் இருந்து கணினியை ஆட்டிப் படைக்கவும், கோப்புகளை எடுக்கவும் வைக்கவும், விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யவும் வல்லது அது. இணையத்தில் வெளிப்படையாகக் காசுக்கு விற்கப்பட்ட சரக்குதான். 2023 மார்ச்சில்தான் அதன் விற்பனைத் தளத்தை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள்.

22 மாதங்களுக்கும் மேல் அந்த நிரல் அவர் கணினியில் இருந்தது. 2016 நவம்பர் 3 அன்று அதில் ஒரு மறைவான ஃபோல்டர் உருவாக்கப்படுகிறது. பிறகு கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. அந்தக் கோப்புகளை ரோனா ஒருமுறையாவது திறந்ததற்குத் தடயம் இல்லை என்கிறது ஆர்சனல். அவருடைய கணினியில் இருந்தது வேர்ட் 2007. கடிதங்கள் சிலவோ அதற்குப் பிந்தைய வேர்டில் உருவானவை. தன் கணினியில் இல்லாத ஒன்றை வைத்து ஒருவர் எப்படி எழுதினார்? காட்லிங்கின் கணினியிலும் இதே கை, இதே நிரல்.

இந்த வழக்கில் நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஸ்டேன் சாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 83 வயதில், 2020 அக்டோபர் 8 அன்று கைதானார். நடுங்கும் கையால் தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழாய் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே இறந்தார். அவருடைய கணினி பற்றிய ஆர்சனல் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் வரை, கிட்டத்தட்ட ஐந்தாண்டுகள், அவருடைய கணினிக்குள் ஆள் இருந்திருக்கிறது. 2019 ஜூன் 12 அன்று போலீஸ் வந்து கணினியை எடுத்துப் போகிறது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 11 அன்று, உள்ளே இருந்தவர் தன் தடயங்களை அவசர அவசரமாகத் துடைக்க முயன்றிருக்கிறார். நாளை சோதனை வரும் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. என்.ஐ.ஏ. இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். எந்த நீதிமன்றமும் இவை சரியா தவறா என்று சாட்சிகளை விசாரித்து இறுதித் தீர்ப்புச் சொல்லவில்லை. ரோனா வில்சனுக்குப் பிணை கிடைத்தது 2025 ஜனவரியில். விசாரணையே தொடங்காத வழக்கில் ஆறரை ஆண்டுச் சிறை.

ஸ்டேன் சாமியின் பெயர் தருமபுரிக்கும் வந்தது. நம் நெக்குந்தியில், தனியார் நிலத்தில், அவர் படத்தோடு ஒரு நினைவுக் கல் வைக்க முயன்றபோது, அவருக்கு மாவோயிஸ்ட் தொடர்பு உண்டு என்று சொல்லி வட்டாட்சியர் தடுத்தார். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நெக்குந்தியில் ஒரு கல் நிற்பதைத் தடுக்கப் பார்த்த அந்தக் குற்றச்சாட்டின் வேர் எங்கே இருக்கிறது? ராஞ்சியில் ஒரு முதியவரின் கணினியில், அவருக்கே தெரியாமல் வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கோப்புகளில்.

"நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, எவன் பார்த்தால் என்ன" என்று பேசும் தோழர்கள் உண்டு. அவர்கள் திருட்டை மட்டும் நினைக்கிறார்கள். வீட்டில் இருந்து எதை எடுத்துப் போவான் என்று யோசிக்கிறார்கள். வீட்டில் எதைக் கொண்டுவந்து வைப்பான் என்று யோசிப்பதில்லை. கஞ்சாப் பொட்டலத்தை வைத்து வழக்குப் போட்ட கதைகள் நம் சேரிகளில் எத்தனை கேட்டிருக்கிறோம்? கணினியில் அதே வேலையைச் செய்ய வாசலைத் தாண்டக்கூடத் தேவையில்லை. நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் அரசு ஊழியர்கள். பதிவேட்டிலோ அந்த ஊரே சந்தனக் கடத்தல் ஊர் என்று ஏறியது. பெண்களும் குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். உண்மை நீதிமன்றத்தில் ஏற 19 ஆண்டுகள் ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. எண்பதுகளில் நக்சல் வேட்டை நடந்த இந்த மாவட்டத்தில், படிக்கிற தலித் பிள்ளையின் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

இன்னொரு பக்கம், "கம்ப்யூட்டரே வேண்டாம், நோட்டில் எழுதிக்கொள்வோம்" என்பவர்களும் இருக்கிறார்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளோடு எரிந்தவை காகிதங்கள்தாம் தோழர்களே. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டை. காகிதம் மட்டும் என்ன பாதுகாப்பு?

ஆக எங்கள் தகராறுக்குத் திரும்புவோம். ரோனா வில்சனின் கணினி தன் கதையைச் சொல்ல முடிந்தது எதனால்? வட்டில் தடயங்கள் மிச்சம் இருந்ததால். எந்தத் தேதியில் ஃபோல்டர் உருவானது, எந்த நிரல் எப்போது ஓடியது, எந்தக் கோப்பு ஒருபோதும் திறக்கப்படவில்லை என்பதெல்லாம் அந்த வட்டின் மூலைமுடுக்கில் கிடந்தது. கணினி மெதுவாக ஓடுகிறது என்று அவர் நடுவில் ஒருநாள் கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மேட் போட்டிருந்தால் நல்லதுதானே, வைத்தவையும் அழிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அழிந்திருக்கலாம். ஆனால் ஏமாற்றும் மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவனுக்கு இரண்டாம் முறையும் அனுப்பத் தெரியும். அப்போது முதல் முறை நுழைந்ததற்கான சாட்சி உங்கள் கையாலேயே போயிருக்கும். "பழைய தடயத்தை ஏன் அழித்தாய்" என்று நம்மையே கேட்பார்கள். உள்ளே புகுந்தவன் ஸ்டேன் சாமியின் கணினியில் கடைசி நாளில் செய்ய முயன்றதும் அதையேதான், துடைப்பது. அவனுக்குத் தேவையான வேலையை நாம் ஏன் இருநூறு ரூபாய் கொடுத்துச் செய்ய வேண்டும்?

துருக்கியில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஓடாடிவி என்ற செய்தித் தளத்தின் பத்திரிகையாளர்கள் 2011இல் கைதானார்கள். அவர்களுடைய கணினியில் கிடைத்ததாகச் சொன்ன ஆவணங்களே ஆதாரம். ஆராய்ந்தது இதே ஆர்சனல் நிறுவனம். வெளியாள் கொண்டுவந்து வைத்தவை அவை என்று அறிக்கை சொன்னது. 2017இல் அவர்கள் விடுதலையானார்கள். அங்கேயும் காப்பாற்றியது வட்டுதான்.

எனவே நாங்கள் செய்தது இது. முதலில் இணைய வயரைப் பிடுங்கினோம். திரையில் தெரிந்த பட்டியல்கள், நிரலின் பெயர், அது இருந்த இடம், நிறுவப்பட்ட தேதி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்தோம். கடைக்காரர் சொன்ன பதிலைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பிறகு கணினியை அணைத்து, வட்டைக் கழற்றி, உறையில் போட்டு மேலே மூன்று பேரும் கையெழுத்திட்டோம். புது வட்டு ஒன்று வாங்கிப் போட்டு, அதில் லினக்ஸை நிறுவினோம். கிராக் தேவையில்லை, காசும் இல்லை. கல்லூரி வேலைக்கும் மனு எழுதவும் லிப்ரே ஆபீஸ் தாராளம். (தமிழ் விசைப்பலகையை அமைப்பதற்குள் ஒரு மணி நேரம் போனது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.) சாட்சிகளின் வாக்குமூலங்களைக் கணினியில் இருந்தே எடுத்து, பூட்டிய ஒரு பென்டிரைவில் வைத்தோம். வழக்கறிஞரிடமும் தகவல் சொல்லியாகிவிட்டது. மோடத்தின் கடவுச்சொல் "அட்மின்" என்றே இருந்தது. அதையும் மாற்றினோம். இது நிறைய வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. கணினி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மோடத்தின் வழியாகத் திசை திருப்ப முடியும் என்பதால் அதை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

புது வட்டு வாங்கக் காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், பாதகமில்லை. வழக்கு, போராட்டம், புகார், சாட்சி என்று ஏதாவது ஒன்று அந்தக் கணினியைத் தொட்டிருந்தால் மட்டும் வட்டை அழிக்காதீர்கள். அமைப்புகள் நிதி திரட்டும்போது பேனருக்கும் மைக் செட்டுக்கும் ஒதுக்குவதில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம்.

கணினியைப் பறிமுதல் செய்ய வந்தால் என்ன கேட்க வேண்டும் என்பதையும் மாணவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வட்டின் உள்ளடக்கத்தை ஒரு கணக்குக்குள் செலுத்தினால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். அதை ஹாஷ் என்கிறார்கள். வட்டின் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பறிமுதல் செய்யும் இடத்திலேயே அந்த எண்ணை எழுதி நம் கையில் கொடுத்தால், பிறகு உள்ளே எதையும் சேர்க்க முடியாது. சேர்த்தால் காட்டிக் கொடுத்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணுக்கு இடம் உண்டு. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவார்களா? பல நேரம் மாட்டார்கள். ஆனால் கேட்டோம், கொடுக்கவில்லை என்பதைப் பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரி பயன்படும்.

சந்தேகம் பெரிதாக இருந்தால், ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் பாதுகாப்பு உதவி மையம் செயற்பாட்டாளர்களுக்கு 24 மணி நேரமும் இலவசமாக உதவுகிறது. டெல்லியின் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனையும் அணுகலாம். ஆம்னெஸ்டியும் சிட்டிசன் லேபும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 2019இல் மட்டும் இந்தியாவின் ஒன்பது மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு இதே நெட்வயரைச் சுமந்த மின்னஞ்சல்கள் வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலர் பீமா கோரேகான் கைதிகளுக்காகக் குரல் கொடுத்தவர்கள். கோர்ட் சம்மன் மாதிரி, பத்திரிகையாளர் கேள்வி மாதிரி வந்திருக்கின்றன. நம்மில் யாருக்கும் அப்படி ஒன்று வந்தால் திறக்கத்தான் தோன்றும். தெரிந்தவர் பெயரில் வந்த இணைப்பாக இருந்தாலும், போன் போட்டு "நீங்கதான் அனுப்பினீங்களா" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு உறுத்தும் விஷயம் ஒன்று. நம் இயக்கங்களில் மேடைப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கவிஞர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு வட்டைப் பிரதி எடுத்து, ஹாஷ் போட்டு, எந்த நிரல் என்றைக்கு நுழைந்தது என்று படிக்கத் தெரிந்தவர் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்டேன் சாமியின் வட்டைப் படிக்க மாசசூசெட்ஸில் யாரோ ஒருவர் இலவசமாக உழைக்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கை வந்தபோது அவர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. கணினி அறிவியல் படித்துவிட்டு ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வரவில்லை என்று அவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலைக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். கொடி பிடிக்க வேண்டாம், ஸ்குரூ டிரைவர் பிடித்தால் போதும்.

அந்த வட்டு இப்போது தங்கையின் வீட்டு டிரங்குப் பெட்டியில், அவளுடைய மதிப்பெண் பட்டியல்களுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு வந்திருந்த அப்பா, "கெட்டுப்போனத எதுக்கும்மா பத்திரமா வெச்சிருக்க" என்று கேட்டாராம். விளக்கிச் சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் ஆனதாம். அடுத்த ஞாயிறு பாலக்கோடு பக்கம் ஒரு படிப்பகத்துக்குப் போகிறோம். அங்கே இருக்கும் இரண்டு கணினிகளையும் அமைத்துக் கொடுத்தது டவுனில் உள்ள அதே கடை. அவளும் வருகிறாள்.